இரண்டு எழுத்து குறைவதை ஜெல்லில் பார்த்தல்: எச்ஐவி இன்டகிரேஸ் சோதனைப் பதிவு

எச்ஐவி செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்என்ஏவைப் படியெடுத்து இரட்டை இழை டிஎன்ஏ ஒன்றைத் தயாரிக்கிறது. அந்த டிஎன்ஏ நம் குரோமோசோமுக்குள் போய் ஒட்டிக்கொண்டால்தான் வைரஸுக்கு வாழ்வு. ஒட்டவைப்பது இன்டகிரேஸ் என்ற நொதி. 288 அமினோ அமிலங்கள், சுமார் 32 கிலோடால்டன் எடை. ஒட்டுவதற்கு முன்னால் அது ஒரு சின்ன வேலை செய்கிறது. ஒவ்வொரு டிஎன்ஏ இழைக்கும் ஒரு நுனி 5′, மறு நுனி 3′. வைரஸ் டிஎன்ஏவின் இரு முனைகளிலும், 3′ பக்கம் முடியும் இழையிலிருந்து கடைசி இரண்டு நியூக்ளியோடைடுகளை, அதாவது டிஎன்ஏவின் எழுத்துகளை, வெட்டி விடுகிறது. எச்ஐவியில் அந்த இழை இரு முனைகளிலும் சிஏஜிடி என்றுதான் முடியும். ஜிடி போய்விடும், சிஏ மிஞ்சும். மிஞ்சிய ஏயின் 3′ ஹைட்ராக்சில்தான் அப்புறம் குரோமோசோமைத் தாக்கப் போகிறது.

இந்த வெட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது ஒரு ஆசை. அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வி இருந்தது. சிஏ என்ற இரண்டெழுத்துச் சேர்க்கை மனித ஜீனோமில் கோடிக்கணக்கான இடங்களில் வருகிறது. வைரஸ் டிஎன்ஏவின் நடுவிலேயே எத்தனையோ இடங்களில் இருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு முனையில் இருக்கும் சிஏவை மட்டும் இந்த நொதி எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாடப்புத்தகப் படத்தில் ஒரு கத்தரிக்கோல் வரைந்து முடித்துவிடுவார்கள். அதற்கு மேல் போய்ப் பார்க்கத்தான் இந்தச் சோதனையை அமைத்தேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வைரஸ் எதுவும் கிடையாது. பாக்டீரியாவில் தயாரித்த ஒரே ஒரு புரதமும், இயந்திரத்தில் தொகுத்த, ஒலிகோ எனப்படும் 21 எழுத்து டிஎன்ஏத் துண்டும்தான். யாருக்கும் தொற்றாது. கவனம் தேவைப்படுவது ஜெல் செய்யப் பயன்படும் அக்ரிலமைடிடம்தான். உறையாத அக்ரிலமைடு நரம்புக்கு நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

ஒலிகோ

வைரஸ் டிஎன்ஏவின் இரு முனைகளுக்கு யு3, யு5 என்று பெயர். அதில் யு5 பக்க முனையை எடுத்துக்கொண்டேன். வெட்டுப்படும் இழை 5′ பக்கத்திலிருந்து இப்படிப் போகிறது: ஜிடிஜிடி ஜிஜிஏஏஏஏ டிசிடிசிடிஏஜி சிஏஜிடி. மொத்தம் 21. துணையிழை ஏசிடிஜி என்று தொடங்கி எதிர்த்திசையில் போகும். முழு வைரஸ் டிஎன்ஏ 9,000 எழுத்துக்கு மேல் நீளம். அதில் இந்த 21 போதும் என்பதே யோசிக்க வேண்டிய விஷயம். நொதிக்குத் தேவையான அடையாளம் முழுக்க முனையை ஒட்டியே இருக்கிறது.

1990-களின் கட்டுரைகளில் இதற்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் பயன்படுத்தினார்கள். நான் வெட்டுப்படும் இழையின் 5′ முனையில் ஃபாம் என்ற ஒளிரும் சாயத்தை ஒட்டி வாங்கினேன். வெட்டு 3′ பக்கம் விழும்; சாயம் மறுமுனையில் பத்திரமாக இருக்கும். ஜெல்லில் மின்சாரம் விட்டால் குட்டையான இழை வேகமாகக் கீழே ஓடும். எனவே வெட்டாத இழை 21-ல் நிற்கும், வெட்டியது 19-க்கு இறங்கும்.

ஆர்டர் போடும்போது சுத்திகரித்த ஒலிகோவையே கேளுங்கள். சாதாரணத் தரத்தில், தொகுக்கும்போது ஓரிரு எழுத்து விட்டுப்போன துண்டுகளும் கலந்து வரும். வேறு சோதனைகளில் இது பெரிய விஷயமில்லை. இங்கே இரண்டெழுத்து குறைந்த துண்டு சரியாக 19-ல் போய் நிற்கும்; நொதி போடாத வரிசையிலும் (வரிசை என்பது ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் தடம்) வெட்டியது போலத் தெரியும். அளவுகோலுக்காக 19 எழுத்து ஒலிகோ ஒன்றையும் ஃபாமோடு தனியாக வாங்கிவிடுவது நல்லது. அது பின்னால் இன்னொரு வேலைக்கும் உதவும்.

இரு இழைகளையும் சேர்க்கும்போது துணையிழையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும், ஒன்றுக்கு 1.2 என்ற கணக்கில். ஒளிரும் இழை எதுவும் தனியாக நிற்கக் கூடாது. 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, ஹீட் பிளாக்கை அணைத்து அப்படியே ஆறவிட்டேன். குழாயைச் சுற்றி அலுமினியத் தாள்.

நொதி

இந்தச் சோதனையில் பாதிச் சிரமம் இன்டகிரேஸைக் கரைசலில் நிற்க வைப்பதுதான். ஈ.கோலையில் ஹிஸ்டிடின் வாலோடு தயாரித்து நிக்கல் நிரப்பிய குழலில் பிரித்தெடுக்கலாம், அதில் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் உப்பைக் குறைத்தவுடன் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வெள்ளையாக அடியில் இறங்கிவிடும். ஆகவே கடைசி வரைக்கும் 1 மோலார் சோடியம் குளோரைடு, கூடவே சாப்ஸ் என்ற மென்மையான டிடர்ஜென்ட், கொஞ்சம் துத்தநாகம். துத்தநாகத்தை மறக்கவே கூடாது. நொதியின் முன்பகுதியில் இரண்டு ஹிஸ்டிடினும் இரண்டு சிஸ்டீனும் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருக்கின்றன. அது போனால் அந்தப் பகுதியின் மடிப்பே குலைந்துவிடும். இதனால் சுத்திகரிப்புப் பஃபரில், உலோக அயனிகளைப் பறித்துக்கொள்ளும் ஈடிடிஏவைச் சேர்க்கவில்லை.

கரைதிறன் சிக்கல் புதிதல்ல. 1994-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் இந்த நொதியின் நடுப்பகுதியின் கட்டமைப்பை முதன்முதலில் படிகமாக்கிப் பார்த்தபோது, 185-ஆம் இடத்து ஃபீனைல்அலனினை லைசினாக மாற்றித்தான் அதைக் கரைய வைத்தார்கள். ஒரே ஒரு அமினோ அமிலம் பல வருட முட்டுக்கட்டையை நீக்கியது. அந்த மாற்றம் இன்றும் பல ஆய்வகங்களில் பயன்படுகிறது.

ஆனால் டிஎன்ஏவோடு சேர உப்பு குறைவாக இருக்க வேண்டும். வழி எளிது: நொதியை 8 மைக்ரோமோலாராக அடர்த்தியாக வைத்துக்கொண்டு, 20 மைக்ரோலிட்டர் வினைக் கலவையில் 1 மைக்ரோலிட்டர் மட்டும் போடுவது. உப்பு 50 மில்லிமோலாருக்கு இறங்கிவிடும், நொதி 400 நானோமோலார் இருக்கும். உலோகம் தவிர மற்ற எல்லாம் சேர்ந்த பிறகு நொதியைப் போட்டு, பிப்பெட் முனையால் மெதுவாகக் கலக்க வேண்டும். வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவி கூடவே கூடாது.

டிஎன்ஏ 20 நானோமோலார்தான். அதாவது டிஎன்ஏவைப் போல இருபது மடங்கு நொதி. வழக்கமான நொதிச் சோதனை செய்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். இன்டகிரேஸ் ஒன்றை வெட்டி முடித்து அடுத்ததற்குப் போகும் நொதி அல்ல. வெட்டிய முனையை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். வைரஸுக்கு அதுதான் வேண்டும். ஒரு வைரஸ் டிஎன்ஏவுக்கு இரண்டே முனைகள், ஒரே ஒரு முறை வேலை. முனையைக் கைவிடும் நொதியால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.

வினையும் ஜெல்லும்

பஃபர் மாப்ஸ், பிஎச் 7.2. அதில் மெர்காப்டோஎத்தனால், 7.5 மில்லிமோலார் உலோக உப்பு. ஒரு தொகுதிக்கு மெக்னீசியம் குளோரைடு, இன்னொன்றுக்கு மாங்கனீஸ் குளோரைடு. மாங்கனீஸ் கரைசல் பழையதாகிப் பழுப்பு நிறம் காட்டினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். நொதியையும் டிஎன்ஏவையும் பனியில் சிறிது நேரம் சேர்ந்திருக்கவிட்டு, உலோகத்தைச் சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். நிறுத்துவதற்கு அதே அளவு ஃபார்மமைடு, அதில் 20 மில்லிமோலார் ஈடிடிஏ. ஈடிடிஏ உலோகத்தைப் பறித்துக்கொண்டதும் நொதி நின்றுவிடும்.

ஒப்பீட்டு வரிசைகள் மூன்று: நொதி இல்லாதது, தொடக்கத்திலேயே ஈடிடிஏ போட்டது, 64-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்தை அஸ்பரஜினாக மாற்றிய நொதி. மூன்றாவதுதான் முக்கியம். நொதியின் வெட்டும் இடத்தில் 64, 116 ஆகிய இடங்களில் உள்ள அஸ்பார்டிக் அமிலங்களும் 152-ல் உள்ள குளுடாமிக் அமிலமும் சேர்ந்து இரண்டு உலோக அயனிகளைப் பிடிக்கின்றன. அதில் ஒன்றை மாற்றினாலே வெட்டு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால், பார்ப்பது இன்டகிரேஸின் வேலையே அல்ல. பாக்டீரியாவிலிருந்து ஒட்டிவந்த ஏதோ நியூக்ளியேஸின் வேலை.

ஜெல் 20 சதவீத அக்ரிலமைடு, 7 மோலார் யூரியா, டிபிஇ பஃபர். யூரியா கரைய நேரம் எடுக்கும், லேசாகச் சூடாக்கினால் போதும், கொதிக்க விட வேண்டாம். ஊற்றுவதற்கு முன் அறை வெப்பத்துக்கு ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜெல்லை உறைய வைக்கும் டெமெட் சேர்த்தவுடன் பீக்கரிலேயே உறைந்துவிடும். ஓட்டத்துக்கு முன் வெறும் ஜெல்லில் மின்சாரம் விட்டுக் கண்ணாடியைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இழைகள் பிரிந்தே ஓடுவதற்கு அந்தச் சூடும் யூரியாவும் சேர்ந்து வேலை செய்கின்றன. மாதிரியை ஏற்றுவதற்குச் சற்று முன் ஒவ்வொரு வெல்லையும் (மாதிரி போடும் குழியை) சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். யூரியா ஜெல்லிலிருந்து கசிந்து வெல்லின் அடியில் கனமாகத் தங்கிவிடும். அதன் மேல் மாதிரியை ஊற்றினால் மிதந்து பரவும். பட்டைகள் கோணலாக வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நீலச் சாயங்களை மாதிரியோடு கலக்காமல் ஓரத்தில் ஒரு தனி வரிசையில் மட்டும் ஓட்டினேன். ஸ்கேனரில் அவை ஃபாமின் ஒளியை மறைத்துவிடும். இந்த ஜெல்லில் புரோமோஃபீனால் நீலம் ஏறக்குறைய 8 எழுத்து நீளத்திலும், சைலீன் சயனால் 28 எழுத்து நீளத்திலும் ஓடும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், சயனால் ஜெல்லின் பாதியைத் தாண்டியதும் நிறுத்தலாம்.

முதல் ஜெல்

நொதி இல்லாத வரிசையில் ஒரே பட்டை, 21-ல். ஈடிடிஏ வரிசையும் 64 மாறிய வரிசையும் அதே மாதிரி. மெக்னீசியம் போட்ட வரிசையில் 21-க்குக் கீழே, 19 அளவுகோலுக்கு நேராக, மெல்லியதாக ஒரு பட்டை. மாங்கனீஸ் வரிசையில் அதே பட்டை பளிச்சென்று. அளவுகோலுக்கு அச்சு அசலாக நேரே நின்றது அந்தப் பட்டை. இருபதிலும் இல்லை, பதினெட்டிலும் இல்லை. ஒரு புரதம் மூலக்கூறு அளவில் எண்ணி இரண்டே எழுத்தை எடுத்திருக்கிறது என்பதை நேரில் பார்ப்பது, எத்தனை முறை படித்திருந்தாலும், வேறு அனுபவம்.

மாங்கனீஸ் வரிசையில் 19-க்குக் கீழேயும் மங்கலான பட்டைகள் இருந்தன. மாங்கனீஸோடு இன்டகிரேஸ் சற்றுத் தாராளமாக நடந்துகொள்ளும். வெட்டக் கூடாத இடத்திலும் கொஞ்சம் வெட்டும். செல்லுக்குள் நிறைய இருப்பது மெக்னீசியம்தான். எனவே நொதி எதை அடையாளம் காண்கிறது என்று கேட்கும் சோதனைகளை, பட்டை மங்கலாக இருந்தாலும், மெக்னீசியத்திலேயே செய்தேன்.

21-க்கு மேலேயும் ஏணி மாதிரி பல பட்டைகள். வெட்டிய முனை பக்கத்தில் இருக்கும் இன்னொரு 21 எழுத்துத் துண்டைக் குரோமோசோமாக நினைத்துத் தாக்கி அதில் ஒட்டிக்கொண்டதன் விளைவு அது. எங்கே ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து நீளம் மாறும், அதனால்தான் ஏணி. அதாவது வெட்டும் இடத்தில் அவ்வளவு கறாராக இருக்கும் நொதி, ஒட்டும் இடத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

வெட்டு எப்படி நடக்கிறது என்பதை 1991-லேயே எங்கல்மன், மிசூச்சி, கிரேகி மூவரும் காட்டிவிட்டார்கள். நொதி டிஎன்ஏவோடு இடையில் வேதிப் பிணைப்பால் ஒட்டிக்கொள்வதில்லை. ஒரு நீர் மூலக்கூறு நேராகப் பாஸ்பேட்டைத் தாக்குகிறது, ஒரே படியில் முடிந்துவிடுகிறது. பாஸ்பரஸில் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் வைத்து, அதன் இடவமைப்பு வினைக்குப் பின் தலைகீழாவதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஒட்டும்போதும் அதே வேதியியல்தான். நீருக்குப் பதில் வெட்டிய முனையின் ஹைட்ராக்சில். நீருக்குப் பதில் கிளிசராலும் அந்த வெட்டைச் செய்ய முடியும். அப்போது கிளிசரால் வெளியேறும் ஜிடியோடு போய்விடும், 5′ சாயம் உள்ள என் ஜெல்லில் வித்தியாசம் தெரியாது. நொதியைச் சேமிக்கக் கிளிசரால் பயன்படுத்துபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எழுத்தை மாற்றிப் பார்த்தல்

இனித்தான் கேள்விக்கு வருகிறேன். முதல் மாற்றம்: சிஏவில் ஏயை டி ஆக்கி, துணையிழையையும் அதற்குப் பொருத்தினேன். மெக்னீசியத்தில் 19 பட்டை காணாமலே போய்விட்டது. ஆக எழுத்து முக்கியம்.

இரண்டாவது: எழுத்து எதையும் தொடாமல், சிஏஜிடிக்கு அப்பால் பத்து ஜோடி எழுத்துகளை நீட்டினேன். அதே சிஏ, அதற்கு முன்னால் உள்ள எழுத்துகளும் அப்படியே. ஆனால் இப்போது அது முனையில் இல்லை, உள்ளே இருக்கிறது. வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது. இந்த வரிசைதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. நொதி வெறும் எழுத்தைப் படிப்பதாக இருந்தால், பத்து ஜோடி கூடியதால் என்ன கெட்டுவிடப் போகிறது? அது முனையைத் தேடுகிறது. முனையில் சிஏ இருக்கிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

மூன்றாவதாக, ஜிடிக்குப் பதில் டிசி வைத்தேன். அதே இழைக்கு இரண்டு துணைகள். ஒன்று புது எழுத்துகளுக்குப் பொருந்தும்படி மாற்றியது, இன்னொன்று பழைய ஏசிடிஜி. பழைய துணையோடு சேர்த்தால் கடைசி இரண்டு ஜோடிகள் பொருந்தாமல், பிரி அவிழ்ந்த கயிற்று நுனி போல விரிந்து நிற்கும். பொருந்திய துணையோடு 19 பட்டை வந்தது, ஆனால் மூலத்தைவிட மங்கல். அவிழ்ந்த முனையோடு அதே பட்டை தெளிவாக வலுத்தது.

இதில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பொருந்தும் துணையில் அதன் முனையிலுள்ள ஏசியும் மாறிவிடுகிறது, ஆகவே முழுப் பெருமையையும் அவிழ்ந்த முனைக்கே கொடுக்க முடியாது. நொதியின் 148-ஆம் இடத்துக் குளுடமின் அந்த ஏசியில் உள்ள சியோடு நெருங்கி நிற்கிறது என்பது வேதிப் பிணைப்புச் சோதனைகளில் தெரிந்த விஷயம். வெட்டாத இழையும் அடையாளத்தில் ஒரு பங்கு வகிக்கிறது. ஆனாலும் கடைசி ஜோடிகள் அவிழ்ந்தால் வெட்டு எளிதாகும் என்பதை 1997-லேயே வேறு ஒலிகோக்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். என் ஜெல் அதற்கு ஒத்துத்தான் வந்தது.

கட்டமைப்பைத் திறந்து பார்த்தது

ஜெல் முடிந்ததும் மடிக்கணினியில், மூலக்கூறுகளின் கட்டமைப்பைக் காட்டும் கைமெராஎக்ஸ் நிரலைத் திறந்தேன். கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். எச்ஐவி இன்டகிரேஸ் முழுதாகப் படிகமாக மறுத்துக்கொண்டே இருந்ததால், முதல் முழுக் கட்டமைப்பு அதன் உறவுக்கார வைரஸிலிருந்துதான் கிடைத்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் செரபனோவ் குழுவினர் 2010-ல் ஃபோமி வைரஸின் இன்டகிரேஸை அதன் டிஎன்ஏ முனைகளோடு சேர்த்துப் படிகமாக்கினார்கள். 2012-ல் அதே குழு வெட்டுக்கு முந்தைய நிலையையும் பிடித்துவிட்டது. உலோகம் இல்லாமல் படிகம் வளர்த்து, மாங்கனீஸில் நனைத்து, வினை நடக்குமுன் உறைய வைத்தார்கள்.

அந்தப் படத்தில் புரதத்தை மறைத்துவிட்டு டிஎன்ஏவை மட்டும் பாருங்கள். முனைக்கு வருமுன் வரை ஒழுங்கான இரட்டைச் சுருள். கடைசி மூன்று ஜோடிகள் மட்டும் பிரிந்து, வெட்டுப்படும் இழை ஒரு பக்கமும் துணையிழை வேறு பக்கமும் போகின்றன. பிரிந்த இழை வெட்டும் இடத்துக்குள் நுழைந்து, வெட்டப்பட வேண்டிய பாஸ்பேட் இரண்டு உலோக அயனிகளுக்கு நடுவில் வந்து உட்காருகிறது. பத்து ஜோடி நீட்டிய துண்டு ஏன் வெட்டுப்படவில்லை என்பது இங்கே புரிந்துவிடும். முனையில் மூன்று ஜோடியைப் பிரிப்பது எளிது. சுருளின் நடுவில் பிரித்து ஓர் இழையை மட்டும் அந்தக் குறுகிய பொந்துக்குள் நுழைப்பது நடக்கிற காரியமில்லை.

புரதத்தைத் திரும்பக் கொண்டுவந்து தொடர்புகளை எண்ணினால், பெரும்பாலானவை டிஎன்ஏவின் சர்க்கரை-பாஸ்பேட் முதுகெலும்போடுதான். எழுத்துகளோடு நேரடித் தொடர்பு குறைவு. நான்கு இன்டகிரேஸ்கள் சேர்ந்து இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிடித்திருக்கின்றன. ஒன்றின் முன்பகுதி மற்றதன் முனையைத் தாங்குகிறது. எச்ஐவியின் இதே அமைப்பைச் சால்க் நிறுவனத்தில் லியும்கிஸ் குழு 2017-ல் கிரையோ மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தது. அதில் நான்குக்கும் மேற்பட்ட பிரதிகள் சேர்கின்றன, ஆனால் நடுவில் உள்ள அமைப்பு அதேதான்.

மருந்தைச் சேர்த்தபோது

கடைசி ஜெல்லில், இன்டகிரேஸைத் தடுக்கும் எச்ஐவி மருந்தான ரால்டெக்ராவிர் போட்டேன், 100 நானோமோலார். இந்த வகையில் முதலில் அனுமதி பெற்ற மருந்து இது, அமெரிக்காவில் 2007-ல். மாங்கனீஸ் வரிசையில் மேலே இருந்த ஏணி முழுக்கத் துடைத்தாற்போலப் போய்விட்டது. 19 பட்டை மட்டும் அப்படியே நின்றது. நொதி வெட்டுகிறது, ஒட்ட மட்டும் முடியவில்லை. உறுதிப்படுத்த, ஏற்கெனவே வெட்டிய நிலையில் உள்ள முனையை, அதாவது 19 இழையை 21 துணையோடு சேர்த்து ஓட்டினேன். மருந்து இல்லாமல் ஏணி, மருந்தோடு வெறுமை. மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் 19 பட்டையும் மங்கத் தொடங்கும், ஆனால் அது மிகவும் பின்னால்.

காரணம் மறுபடி கட்டமைப்பில். ஜிடி வெளியேறிய பிறகுதான் மருந்துக்கு இடம் கிடைக்கிறது. அது உள்ளே வந்து இரண்டு உலோக அயனிகளையும் பிடித்துக்கொண்டு, கடைசி ஏயை அதன் இடத்திலிருந்து 6 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் தள்ளிவிடுகிறது. தாக்க வேண்டிய ஹைட்ராக்சில் இடம் மாறி நிற்கிறது. ஜிடி இன்னும் ஒட்டியிருக்கும் நிலையில் அந்த இடத்தில் டிஎன்ஏவே உட்கார்ந்திருக்கிறது. மருந்து எதிர்ப்பு தோன்றும்போது மாறும் இடங்களில் ஒன்று, மேலே சொன்ன அதே 148. முனையை அடையாளம் காண உதவும் அமினோ அமிலமே மருந்தைத் தப்பவும் மாறுகிறது. அப்படி மாறும் வைரஸ் தன் வேலைத்திறனிலும் கொஞ்சம் இழக்கிறது. 2013-ல் வந்த டோலுடெக்ராவிர் இந்த மாற்றங்களில் பலவற்றைத் தாங்கி நிற்கிறது. இன்று உலகம் முழுக்க முதல் மருந்தாகக் கொடுக்கப்படுவது அதுதான்.

இதைத் திரும்பச் செய்ய நினைப்பவர்கள் எல்லா ஒலிகோக்களையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். 21 இழை, அதன் துணை, 19 அளவுகோல், இந்த மூன்றோடு முதல் ஜெல்லை ஓட்டி, 64 மாறிய நொதியின் வரிசை சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சுத்தமாக வராத வரை மற்ற ஒலிகோக்களுக்குச் செலவழிப்பது வீண். எனக்கு அடுத்த வேலை யு3 முனை. அதுவும் சிஏஜிடி என்றுதான் முடிகிறது, ஆனால் சோதனைக் குழாயில் யு5 அளவுக்கு நன்றாக வெட்டுப்படாது. கடைசி நான்கு எழுத்தும் ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் உள்ளே எந்த ஜோடியிலிருந்து வருகிறது என்று பார்க்க, இரண்டு முனைகளின் உட்பகுதிகளையும் மாற்றி மாற்றி ஒட்டிய ஒலிகோக்களுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.